கொல்களத்தின் கதவைத் திறந்த எழுத்தாளர்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்

முன்னுரை

நாவல் என்றால் பொழுதுபோக்கு என்றே நம்மில் பலர் எண்ணுகின்றோம். ரயிலில் ஏறும்போது கையிலெடுத்து, இறங்கும்போது மறந்துவிடும் பொருளாகவே அதைக் கருதுவோரும் உண்டு. ஆனால் ஒரு நாவல் வெளிவந்த நான்கே மாதங்களில் ஒரு பெரிய நாட்டின் சட்டப் புத்தகத்தில் புதிய சட்டம் ஏறியது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அந்த நாவலின் பெயர் 'தி ஜங்கிள்'. அதனை எழுதியவர் அப்டன் சிங்க்ளேர் என்னும் அமெரிக்கர்.

அவர் மறைந்தது 1968-ஆம் ஆண்டில். ஏறத்தாழ நாற்பத்தேழு ஆண்டுகள் சென்றபின், 2015-இல், அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஒரு நீதிபதி தம் தீர்ப்பில் அவருடைய பெயரை எழுத நேர்ந்தது. சிங்க்ளேர் அன்று செய்ததை ஒருவர் இன்று செய்தால் சிறைக்குப் போக வேண்டியிருக்கும் என்பதைச் சுட்டிக்காட்டவே அவர் அப்படி எழுதினார். ஒரு காலத்தில் நாடே நன்றி பாராட்டிய செயல், பிற்காலத்தில் குற்றமாகிவிட்டது எப்படி? அதை அறிய வேண்டுமானால் அவருடைய வாழ்க்கையை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

பிறப்பும் இளமையும்

அப்டன் சிங்க்ளேர் 1878-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் மேரிலாந்து மாநிலத்துப் பால்டிமோர் நகரில் பிறந்தார். தந்தையார் மது விற்பனை முகவர். விற்ற மதுவே அவரை விழுங்கியது. குடும்பம் ஒரு வாடகை அறையிலிருந்து மற்றொரு வாடகை அறைக்கு மாறிக்கொண்டே இருந்தது. மூட்டைப்பூச்சி நிறைந்த அறைகளில் உறங்கிய அதே சிறுவன், சில மாதங்கள் தாய்வழி உறவினரின் செல்வ மாளிகையிலும் வளர்ந்தான். ஒரே வாரத்தில் வறுமையையும் வளத்தையும் மாறி மாறிக் கண்ட பிள்ளைக்கு, இவை இரண்டும் ஏன் உலகில் அருகருகே இருக்கின்றன என்ற கேள்வி எழுந்தது. வாழ்நாள் முழுவதும் அவர் எழுதிய தொண்ணூறுக்கும் மேற்பட்ட நூல்களுக்கும் அந்தக் கேள்வியே வித்து எனலாம்.

பத்து வயதளவில் குடும்பம் நியூயார்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. பதினான்கு வயது நிறைவதற்குள் அவர் நியூயார்க் நகரக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்புச் செலவுக்குப் பணம் வேண்டுமே! பத்திரிகைகளுக்குத் துணுக்குகளும் சிரிப்புக் கதைகளும் எழுதி விற்றார். பின்னர்ச் சிறுவர்களுக்கான சாகசக் கதைகளை எழுதலானார். ஒரு நாளைக்கு எட்டாயிரம் சொற்கள் வரை எழுதிய காலமும் உண்டு. 1897-இல் பட்டம் பெற்று, மேற்கொண்டு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றபோதும் இந்த எழுத்துக்கூலியே அவருக்குச் சோறு போட்டது. காலையில் வகுப்பு, மாலையில் கடையில் கணக்கு என்று படிக்கும் நம் கல்லூரி நண்பர்கள் பலருக்கு இந்த இளமை அந்நியமாகத் தோன்றாது.

1900-இல் திருமணம் நடந்தது. அடுத்த ஆண்டு ஒரு மகன் பிறந்தான். சொந்த விருப்பத்தோடு எழுதிய நாவல்களோ விலைபோகவில்லை. கடுங்குளிரில் நியூஜெர்சி மாநிலத்துப் பிரின்ஸ்டன் அருகே ஒரு சிறு குடிசையில் மனைவியும் குழந்தையும் நோயுற்றுக் கிடக்க, அவர் எழுதிக்கொண்டிருந்தார். இந்நாளில்தான் அவர் பொதுவுடைமைக் கருத்துகளைக் கற்று அக்கட்சியில் சேர்ந்தார்.

சிக்காகோ சென்றது

அந்நாளில் சிக்காகோ நகரம் உலகின் இறைச்சிச் சந்தையாக விளங்கியது. அங்கிருந்த கால்நடைப் பட்டி 1865-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று தொடங்கப்பெற்றது. வளர்ந்து வளர்ந்து சுமார் 475 ஏக்கர் பரப்பை அடைந்தது. மேற்கே இருந்த மேய்ச்சல் நிலங்களிலிருந்து மாடுகளும் பன்றிகளும் ஆடுகளும் ரயில் ரயிலாக வந்து இறங்கின. இருபத்தைந்தாயிரம் பேருக்கு மேல் அங்கே வேலை செய்தனர். லித்துவேனியா, போலந்து முதலிய நாடுகளிலிருந்து கப்பலேறி வந்த ஏழைகளே அவர்களுள் பலர்.

அங்கு நடந்த வேலையின் முறை புதுமையானது. ஒரு கசாப்புக்காரர் ஒரு விலங்கை முழுவதுமாக அறுக்கும் பழைய வழக்கம் அங்கில்லை. பன்றியின் பின்னங்காலில் சங்கிலி மாட்டப்படும். சுழலும் சக்கரம் அதை மேலே தூக்கும். தலைகீழாகத் தொங்கியபடி அது ஒவ்வொரு தொழிலாளியின் முன்பும் நகர்ந்து செல்லும். ஒருவர் கழுத்தை அறுப்பார். ஒருவர் வயிற்றைக் கிழிப்பார். ஒருவர் குடலை எடுப்பார். நாள் முழுவதும் ஒருவருக்கு ஒரே வெட்டு. மோட்டார் வண்டிகளை வரிசையில் நகரவிட்டு உருவாக்கும் முறைக்கு ஹென்றி ஃபோர்டு தூண்டுதல் பெற்றது இத்தகைய கூடங்களிலிருந்துதான். அங்கே உறுப்பு உறுப்பாகச் சேர்த்தனர். இங்கே உறுப்பு உறுப்பாகப் பிரித்தனர். சங்கிலியின் வேகத்தைக் கூட்டினால் முதலாளிக்கு இலாபம். அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும் சுமை தொழிலாளியின் கைக்கும் விலங்கின் உடலுக்கும்.

1904-இல் அங்குத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்து தோற்றனர். அதைப் பற்றிச் சிங்க்ளேர் எழுதியதைக் கண்ட 'அப்பீல் டு ரீசன்' என்னும் பொதுவுடைமை வார இதழின் ஆசிரியர், கூலித் தொழிலாளரின் வாழ்வை நாவலாக எழுதுமாறு கேட்டு 500 டாலர் முன்பணம் தந்தார். 1904-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், இருபத்தாறு வயது இளைஞராகச் சிங்க்ளேர் சிக்காகோவில் வந்து இறங்கினார்.

கண்டதைக் கண்டபடி

அங்கு அவர் ஏழு வாரங்கள் தங்கினார். இறைச்சிக் கம்பெனிகள் வெளியாரை உள்ளே விடாமல் இல்லை. வழிகாட்டி ஒருவரை உடன் அனுப்பிப் பார்வையாளர்களுக்குச் சுற்றிக் காட்டியே வந்தன. ஆனால் காட்ட விரும்பியதை மட்டுமே காட்டின. சிங்க்ளேர் காண விரும்பியது அதுவன்று. அவர் கண்டுபிடித்த உபாயம் மிக எளியது. பழைய உடையை அணிந்துகொண்டு, கையில் ஒரு சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டார். தூக்கோடு வரும் ஆளை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தொழிலாளி ஒருவன் எங்கும் நடக்கலாம். எவர் கண்ணுக்கும் அவன் படுவதில்லை. இரவில் தொழிலாளரின் வீடுகளில் அமர்ந்து அவர்கள் சொன்னதைக் கேட்டார். மருத்துவர், செவிலியர், சமூகத் தொண்டர், மதுக்கடைக்காரர் என்று பலரிடமும் விசாரித்துச் சரிபார்த்தார். ஒரு மதுக்கடையின் பின்கட்டில் நடந்த லித்துவேனியத் திருமணம் ஒன்றைத் தற்செயலாகக் கண்டார். அதுவே நாவலின் முதல் அதிகாரமாயிற்று.

நம் ஆய்வுக்கூடத்தில் பதிவேடு எழுதும்போது, கண்டதை எழுது, காணாததை எழுதாதே என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவார்கள். சிங்க்ளேர் செய்ததும் அதுதான். வண்டியிலேயே காலொடிந்தும் நோயுற்றும் விழுந்துவிட்ட மாடுகள், எழுந்து நடக்க முடியாதவை, அரசாங்கப் பரிசோதகர் போனபின் இருட்டில் வெட்டப்பட்டு நல்ல இறைச்சியோடு கலக்கப்பட்டதை எழுதினார். காசநோய் கண்ட மாடுகளும், கெட்டுப்போன பன்றித் தொடைகளும் மருந்து கலந்து மறுபடி விற்பனைக்குப் போனதை எழுதினார். உப்புநீர் அறைகளில் வேலை செய்தோரின் விரல்கள் அமிலத்தால் அரிக்கப்பட்டதை எழுதினார். தலைகீழாகத் தொங்கிய பன்றிகளின் அலறல் கூடம் முழுவதும் எதிரொலித்ததையும், ஒவ்வொரு விலங்குக்கும் தனித்தனி உயிரும் ஆசையும் இருந்ததே என்ற எண்ணம் பார்ப்பவர் நெஞ்சில் எழுவதையும் எழுதினார்.

நாவலின் தலைவன் யூர்கிஸ் ருட்கஸ் என்னும் லித்துவேனிய உழவன். உடல் வலிமையை நம்பி அமெரிக்கா வந்த அவனை அந்தக் கூடம் பிழிந்து எறிகிறது. பன்றியின் கதையும் அவன் கதையும் ஒன்றே என்பதை வாசகர் உணர்ந்துகொள்ளும்படி சிங்க்ளேர் கதையைக் கொண்டு செல்கிறார். 1904-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் தம் குடிசையில் எழுதத் தொடங்கினார். 1905 பிப்ரவரி முதல் அது தொடர்கதையாக வெளிவந்தது.

அச்சேறிய கதை

தொடர்கதையை நூலாக்கப் பதிப்பகங்கள் அஞ்சின. ஐந்து பதிப்பகங்கள் மறுத்துவிட்டன. இறுதியில் டபிள்டே, பேஜ் நிறுவனம் முன்வந்தது. அதுவும் கண்ணை மூடிக்கொண்டு வெளியிடவில்லை. தன் வழக்கறிஞரைச் சிக்காகோவுக்கே அனுப்பி, எழுதியதெல்லாம் மெய்தானா என்று விசாரித்த பிறகே 1906 பிப்ரவரி இறுதியில் வெளியிட்டது. நூல் காட்டுத்தீயாகப் பரவிற்று. சில மாதங்களிலேயே பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது.

அப்போது குடியரசுத் தலைவராக இருந்தவர் தியடோர் ரூஸ்வெல்ட். 1898-ஆம் ஆண்டு ஸ்பெயினோடு நடந்த போரில் படைவீரர்களுக்கு வழங்கப்பட்ட கெட்ட டப்பா இறைச்சியைப் பற்றி விசாரணையில் சாட்சி சொன்னவர் அவர். எனவே நாவலை அலட்சியம் செய்யவில்லை. ஏப்ரல் மாதத்தில் சிங்க்ளேரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். சிங்க்ளேர் அவரிடம் வற்புறுத்திய கருத்து ஒன்று நம் கட்டுரைக்கு மிக முக்கியமானது. முன்கூட்டி அறிவித்துவிட்டுப் போகும் பரிசோதகர் எதையும் காணமாட்டார். தொழிலாளியாக உள்ளே சென்று வேலை செய்பவருக்கே உண்மை புலப்படும் என்பதே அது.

வேளாண்மைத் துறை தானே ஒரு விசாரணை நடத்திச் சிங்க்ளேர் சொன்னவற்றுள் பெரும்பகுதியை மறுத்தது. ரூஸ்வெல்ட் நிறைவடையாமல், தொழிலாளர் ஆணையர் சார்லஸ் நீல், சமூகத் தொண்டர் ஜேம்ஸ் ரெய்னால்ட்ஸ் ஆகிய இருவரை அனுப்பினார். செய்தி எப்படியோ முன்பே கசிந்தது. கம்பெனிகள் இரவு பகலாகக் கழுவித் துடைத்தன. அப்படிக் கழுவிய பிறகும் அவ்விருவர் கண்ட காட்சி பயங்கரமாக இருந்தது. கொதிக்கும் கொழுப்புத் தொட்டியில் ஆட்கள் விழுந்து மறைந்தார்கள் என்ற செய்தி ஒன்றுக்குத்தான் அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை; ஏனையவற்றின் பெரும்பகுதி மெய்யென்று தெரிந்தது. அந்த அறிக்கை ஜூன் மாதத்தில் வெளியானதும் அயல்நாடுகளில் அமெரிக்க இறைச்சியின் விற்பனை பெரிதும் சரிந்தது. நம்பிக்கையை மீட்கச் சட்டம் வந்தாலொழிய வழியில்லை என்று கம்பெனிகளே உணர்ந்தன. 1906 ஜூன் 30-ஆம் நாள் இறைச்சிப் பரிசோதனைச் சட்டம், தூய உணவு மருந்துச் சட்டம் ஆகிய இரண்டிலும் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார்.

வெற்றியில் ஒரு வருத்தம்

வெற்றி விழாக் கொண்டாட வேண்டிய நேரத்தில் சிங்க்ளேர் வருந்தினார். அவர் எழுதியது தொழிலாளியின் துன்பத்தைப் பற்றி. படித்தவர்களோ தம் தட்டில் விழுந்த துண்டைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டனர். நெஞ்சைத் தொட வேண்டுமென எழுதிய நூல் வயிற்றைத்தான் கலக்கிற்று என்பது அவருடைய ஆயுட்கால ஆதங்கம். பரிசோதனைக்கான செலவைக் கம்பெனிகள் தரவில்லை. ஆண்டுக்கு முப்பது லட்சம் டாலரை அரசாங்கமே ஏற்றது. டப்பாக்களின்மேல் தேதி அச்சிட வேண்டும் என்ற விதியும் கைவிடப்பட்டது. தொழிலாளியின் கூலியோ வேலைநேரமோ சட்டத்தில் இடம்பெறவில்லை.

விலங்கும் இடம்பெறவில்லை. வெட்டுவதற்கு முன் அதற்கு நினைவிழக்கச் செய்ய வேண்டும் என்ற எளிய விதி அமெரிக்க நாட்டுச் சட்டத்தில் ஏற 1958-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அச்சட்டமும் முதலில் அரசாங்கத்துக்கு இறைச்சி விற்கும் கூடங்களையே கட்டுப்படுத்தியது; 1978-இல்தான் அரசின் பரிசோதனைக்கு உட்பட்ட கூடங்கள் அனைத்துக்கும் விரிந்தது. கோழிகள் இன்றும் அதில் சேர்க்கப்படவில்லை. எண்ணிக்கையில் மிகுதியாக வெட்டப்படுவது கோழிதான் என்பதை நினைத்தால் இந்த விடுபாடு எவ்வளவு பெரியது என்று புரியும்.

ஓயாத உழைப்பு

நாவல் தந்த பணத்தைச் சிங்க்ளேர் பெட்டியில் பூட்டவில்லை. எழுத்தாளரும் குடும்பங்களும் கூடி வாழும் ஒரு குடியிருப்பை நியூஜெர்சியில் அமைத்தார். 1907 மார்ச்சில் அது தீக்கிரையாயிற்று. மீண்டும் வெறுங்கை. முதல் மனைவியோடு மணவாழ்வும் முறிந்தது. 1913-இல் மேரி கிரெய்க் என்னும் அம்மையாரை மணந்தார். அந்த அம்மையார் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அவருக்குத் துணையாக நின்றார்.

1914-இல் கொலராடோ மாநிலத்து லட்லோ என்னுமிடத்தில், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளரின் கூடாரங்கள் தாக்கப்பட்டுப் பெண்களும் குழந்தைகளும் மாண்டனர். சிங்க்ளேர் கையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு, நியூயார்க்கில் ராக்ஃபெல்லரின் அலுவலகத்தின் முன்பு ஒரு சொல்லும் பேசாமல் நடந்தார். அதற்காகக் கைது செய்யப்பட்டார். 1923-இல் கலிஃபோர்னியாவின் சான் பெட்ரோ துறைமுகத்தில் வேலைநிறுத்தம் செய்தோர் கூட்டம் போடத் தடை விதிக்கப்பட்டது. சிங்க்ளேர் அங்கே சென்று, பேச்சுரிமையைத் தரும் அரசியல் சட்டப் பகுதியை வாசிக்கத் தொடங்கினார். பேச்சுரிமையை வாசித்ததற்காகவே மறுபடியும் கைது! அந்நிகழ்ச்சியின் பயனாகத் தென் கலிஃபோர்னியாவில் குடியுரிமைக் காப்புச் சங்கத்தின் கிளை உருவாயிற்று.

பத்திரிகைகளின் ஊழலைப் பற்றி எழுதினார். எண்ணெய்க் கம்பெனிகளைப் பற்றி 1927-இல் 'ஆயில்!' என்னும் நாவல் எழுதினார். 1934-இல் கலிஃபோர்னியா ஆளுநர் பதவிக்கு ஜனநாயகக் கட்சி வேட்பாளராக நின்றார். வறுமையை ஒழிப்பதே அவருடைய திட்டம். திரைப்பட முதலாளிகள் பொய்ச் செய்திப் படங்கள் எடுத்து அவருக்கு எதிராகத் திரையரங்குகளில் காட்டினர். எட்டே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்றும் அவர் தோற்றார். 1943-இல் அவருடைய 'டிராகன்ஸ் டீத்' என்னும் நாவலுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

குறையையும் சொல்வதே வரலாற்றுக்கு அழகு. வேலைநிறுத்தத்தை முறிக்க அழைத்து வரப்பட்ட கறுப்பினத் தொழிலாளரை அவர் தம் நாவலில் சித்திரித்த விதம் இன்று படிப்போர் மனத்தை நோகச் செய்கிறது. ஒடுக்கப்பட்டோருக்காகப் பேசியவரும் தம் காலத்தின் பார்வைக் கோளாற்றிலிருந்து முழுதும் விடுபடவில்லை. உணவு விஷயத்திலும் அவர் ஒரே நிலையில் நின்றவரல்லர். சில காலம் இறைச்சியை விட்டார், பிறகு மீண்டும் உண்டார். எனவே அவரைச் சீவகாருண்ய மகானாக ஆக்க வேண்டியதில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பதைச் சென்று பார்த்துச் சொன்னவர் என்ற பெருமையே அவருக்குப் போதும்.

1967 டிசம்பரில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் புதிய இறைச்சிச் சட்டத்தில் கையெழுத்திட்டபோது, எண்பத்தொன்பது வயது சிங்க்ளேர் சக்கர நாற்காலியில் வெள்ளை மாளிகைக்கு அழைத்து வரப்பட்டார். தம் இருபத்தேழாம் வயதில் தொடங்கி வைத்த பணியின் அடுத்த படியைக் கண்ணாரக் கண்டார். 1968 நவம்பர் 25-ஆம் நாள் நியூஜெர்சியில் அவர் உயிர் நீத்தார். சிக்காகோவின் அந்தக் கால்நடைப் பட்டி 1971-இல் மூடப்பட்டது.

வாய்ப்பூட்டுச் சட்டங்கள்

பட்டி மூடப்பட்டது, ஆனால் பிரச்சினை மூடப்படவில்லை. பிற்காலத்தில் அமெரிக்காவில் கோழிகளும் பன்றிகளும் ஊருக்கு வெளியே ஜன்னலற்ற நீண்ட கொட்டகைகளில் ஆயிரக்கணக்கில் அடைத்து வளர்க்கப்படலாயின. சுற்றிக் காட்டும் வழிகாட்டிகளும் இல்லாமற்போயினர். சிங்க்ளேரின் சாப்பாட்டுத் தூக்குக்குப் பதிலாகச் சட்டைப் பொத்தானளவு காமிராவை அணிந்துகொண்டு, விலங்கு நலச் சங்கங்களின் ஆட்கள் கூலியாட்களாக உள்ளே போகத் தொடங்கினர்.

அதனால் விளைந்த பயனுக்கு ஒரு சான்று சொல்லலாம். 2008-இல் கலிஃபோர்னியாவின் சீனோ நகரிலிருந்த ஓர் இறைச்சிக்கூடத்தில் எடுத்த இரகசியப் படம் வெளியாயிற்று. எழுந்து நிற்க இயலாத மாடுகளைத் தூக்கு வண்டியின் இரும்புக் கம்பிகளால் குத்தியும், மின் அதிர்ச்சி கொடுத்தும், மூக்கில் தண்ணீர் பாய்ச்சியும் வெட்டுமிடத்துக்குத் தள்ளிய காட்சி அதில் இருந்தது. அந்த இறைச்சி பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவுக்கும் போயிருந்தது. 14 கோடியே 30 லட்சம் பவுண்டு மாட்டிறைச்சி திரும்பப் பெறப்பட்டது. அந்நாட்டில் அதற்கு முன் அவ்வளவு மாட்டிறைச்சி திரும்பப் பெறப்பட்டதே இல்லை. அடுத்த ஆண்டு, நடக்க இயலாத மாடுகளை உணவுக்காக வெட்டுவது முற்றிலும் தடை செய்யப்பட்டது. சிங்க்ளேர் 1904-இல் இருட்டில் கண்ட அதே மாடுகள்தான் இவை என்பதை எண்ணிப் பாருங்கள். அரசாங்கப் பரிசோதகர்கள் இருந்தும், நூறாண்டு கழித்து அதை வெளிக்கொணர மாறுவேடத்தில் போன ஒருவர்தான் தேவைப்பட்டார்.

இதைக் கண்ட பண்ணை முதலாளிகள் வதையை நிறுத்துவதைவிடப் படத்தை நிறுத்துவது எளிது என்று கண்டனர் போலும். கான்சஸ் மாநிலத்தில் 1990-இலேயே இத்தகைய சட்டம் ஒன்று வந்திருந்தது. 2012-இல் ஐயோவா, யூட்டா மாநிலங்கள் புதிய சட்டங்களை இயற்றின. வேலைக்கு மனுச் செய்யும்போது உண்மையை மறைப்பதும், உரிமையாளரின் அனுமதியின்றிப் பண்ணைக்குள் படமெடுப்பதும் குற்றமாக்கப்பட்டன. மக்கள் இவற்றுக்கு வாய்ப்பூட்டுச் சட்டம் என்ற பொருளில் பெயர் சூட்டினர். யூட்டாவில் 2013-இல் ஓர் இளம்பெண் பொதுச் சாலையோரம் நின்று, நோயுற்ற மாடு ஒன்றை இயந்திரம் தள்ளிச் செல்வதைப் படமெடுத்தார். அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. சாலையில்தான் நின்றார் என்பதை அவர் எடுத்த படமே காட்டியதால் வழக்குத் திரும்பப் பெறப்பட்டது.

ஐடஹோவில் ஒரு பால்பண்ணையில் மாடுகளை அடித்து உதைத்த காட்சி 2012-இல் வெளியானது. பால்பண்ணையாளர் சங்கமே வரைந்து கொடுத்த மசோதா 2014-இல் சட்டமாயிற்று. அதன்படி இரகசியமாகப் படமெடுத்தவருக்கு ஓராண்டு வரை சிறை. உரிமையாளரின் நட்டத்தைப் போல இருமடங்கு ஈடு. அதே மாநிலத்தில் முதல்முறையாக விலங்கை வதைத்துப் பிடிபட்டவருக்கோ உச்ச தண்டனை ஆறு மாதச் சிறை. அடித்தவரைவிட, அடித்ததைக் காட்டியவருக்கு இருமடங்குத் தண்டனை! விலங்கு நலச் சங்கங்களும் பத்திரிகையாளரும் குடியுரிமைச் சங்கத்தாரும் சேர்ந்து வழக்குத் தொடுத்தனர். 2015 ஆகஸ்டில் நீதிபதி வின்மில் அச்சட்டம் பேச்சுரிமைக்கு முரணானது என்று தீர்ப்பளித்தபோதுதான் சிங்க்ளேரின் பெயரை நினைவுகூர்ந்தார். மேல்முறையீட்டில் 2018-இல் சட்டத்தின் சில பகுதிகள் நிலைத்தன. படமெடுக்கத் தடை விதித்த பகுதியும், பொய் சொல்லி உள்ளே நுழைவதைக் குற்றமாக்கிய பகுதியும் வீழ்ந்தன. அந்தத் தீர்ப்பிலும் சிங்க்ளேர் இடம்பெற்றார். யூட்டாவின் சட்டம் 2017-இல் வீழ்ந்தது. ஐயோவாவிலோ பழைய சட்டம் 2019-இல் வீழ்ந்ததும் புதிய சட்டம் பிறந்தது. போராட்டம் முடிந்துவிடவில்லை.

எதிர்த்தரப்பின் வாதம்

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நாம் கேட்க வேண்டும். பண்ணை தனியாருடைய சொத்து. பொய் சொல்லி ஒருவர் வீட்டுக்குள் நுழைவது முறையா? வெளியாள் நோய்க்கிருமியைக் கொண்டுவந்தால் மந்தை முழுவதும் அழியாதா? பல நாள் படத்தில் சில நொடிகளை மட்டும் வெட்டிக் காட்டினால் நேர்மையான உழவனும் கெட்டவனாகத் தோன்றமாட்டானா? இவை வெறும் சாக்குகள் அல்ல. மாடு வளர்க்கும் வீட்டில் பிறந்த எவருக்கும் இந்த அச்சம் புரியும்.

ஆனால் திருட்டுக்கும், அத்துமீறலுக்கும், அவதூறுக்கும் ஏற்கெனவே சட்டங்கள் உண்டு. படம் பொய்யென்றால் முழுப் படத்தையும் காட்டச் சொல்லி வழக்காடலாம். டபிள்டே நிறுவனம் வழக்கறிஞரை அனுப்பிச் சரிபார்த்தது போலச் சரிபார்க்கலாம். படமெடுப்பதையே குற்றமாக்கும்போது பொய்ப்படத்தோடு மெய்ப்படமும் அழிந்துபோகிறது. வீட்டுக்குள் நடப்பது அந்த வீட்டாரோடு போகிறது. இறைச்சிக்கூடத்துக்குள் நடப்பதோ ஊரார் பிள்ளைகளின் தட்டுக்கு வருகிறது. பொய்யைப் பற்றிய கேள்விக்கு நம் வள்ளுவர் வழிகாட்டுகிறார். குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்பது அவர் கருத்து. சிங்க்ளேர் உடையில்தான் பொய் சொன்னார். ஏட்டில் மெய்யே எழுதினார். கம்பெனிகளோ உடையில் மெய்யாக இருந்து, டப்பாவின் மேலிருந்த தாளில் பொய் எழுதின.

முடிவுரை

மனிதர்க்குத் துன்பம் வந்தால் என்றாவது ஒருநாள் அவர்களே வாய் திறந்து சொல்லலாம். சிக்காகோத் தொழிலாளி இரவில் தம் வீட்டு அடுப்பருகே அமர்ந்து சிங்க்ளேரிடம் சொன்னார். விலங்குக்கு அந்த வழியும் இல்லை. அதன் துன்பத்துக்குச் சாட்சி, அதைப் பார்த்த மனிதர் ஒருவரே. அந்த ஒரு சாட்சியின் வாயையும் பூட்டிவிட்டால், அத்துன்பம் நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். வாய்ப்பூட்டுச் சட்டத்தின் உண்மையான கொடுமை இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

விலங்கியல் படிக்கும் நாங்கள் உயிர்களின் நரம்பையும் மூளையையும் படங்களாக வரைந்து பாகங்களைக் குறிக்கின்றோம். வலியை உணரும் நரம்பு பன்றிக்கும் உண்டு, மாட்டுக்கும் உண்டு, கோழிக்கும் உண்டு என்பது எங்கள் பாடத்திலேயே இருக்கிறது. தேர்வில் அதை எழுதி மதிப்பெண் பெறுவதோடு நின்றுவிட்டால் அந்தப் படிப்பால் என்ன பயன்? நாளை நம்முள் சிலர் கால்நடைத் துறையில் பரிசோதகராகலாம், சிலர் பண்ணைகளிலும் உணவுத் தொழிற்சாலைகளிலும் வேலைக்குப் போகலாம், சிலர் பத்திரிகையாளராகலாம். அப்போது கதவு ஒன்று மூடப்பட்டிருந்தால், ஏன் மூடியிருக்கிறது என்று கேட்கும் துணிவு நமக்கு வேண்டும். கேட்டபின், கண்டதைக் கண்டபடி எழுதும் நேர்மையும் வேண்டும்.

பழைய சட்டையும் ஒரு சாப்பாட்டுத் தூக்குமாகச் சென்று ஒரு நாட்டின் மனச்சாட்சியைத் தட்டியெழுப்பிய அப்டன் சிங்க்ளேரின் வாழ்க்கை நமக்கு அந்தத் துணிவைத் தருவதாக! வாழ்க அவர் புகழ்!